சிறிய உடல்வாகுக்கு எந்தக் கடல் கயாக்? கொடைக்கானல்வாசிகளுக்காக டெம்பெஸ்ட் 165 பற்றி ஒரு மதிப்பீடு

ஐந்தடி ஒரு அங்குல உயரம், ஐம்பது கிலோ எடை. இப்படிப்பட்ட ஒருவர் கடல் கயாக் வாங்கக் கிளம்பினால் முதலில் காதில் விழும் ஆலோசனை, "பெரிய படகா எடுங்க, அதுதான் கவிழாது" என்பது. வளரும் பிள்ளைக்குச் சட்டை எடுக்கிற கணக்கு அது. கயாக்கில் அந்தக் கணக்கு உதவாது. தனக்குப் பெரிதான படகில் சிறிய உடம்புக்காரர் சீக்கிரம் களைத்துப்போகிறார். காற்று இழுக்கும் பக்கமே போகிறார். கவிழ்ந்துவிட்டால் திரும்ப ஏறத் திணறுகிறார். இவ்வளவுக்கும் காரணம் அவருடைய பலக்குறைவு அல்ல, படகின் அளவு.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது வில்டர்னஸ் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் டெம்பெஸ்ட் 165. பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன உடல், உள்ளிருந்து இறக்கி ஏற்றும் ஸ்கெக் (படகு நேராகப் போகப் பின்பகுதியின் அடியில் இருக்கும் துடுப்புத் தகடு), சுமார் 24 கிலோ எடை. பெயரில் உள்ள எண் நீளத்தைக் குறிக்கிறது: 165 என்றால் பதினாறரை அடி, அதாவது 5.03 மீட்டர். அகலம் 21.5 அங்குலம், ஏறக்குறைய 54.6 சென்டிமீட்டர். இதன் அண்ணன் டெம்பெஸ்ட் 170 பதினேழு அடி நீளம், 22 அங்குல அகலம். நீளத்தில் அரை அடி, அகலத்தில் அரை அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் நீளம், அகலம், ஆழம் மூன்றும் சேர்ந்து குறையும்போது கொள்ளளவில் வரும் வித்தியாசம் பெரிது. உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு படகுகள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 50 முதல் 65 கிலோ வரை உள்ளவருக்கு 165 சரியான படகு. 70-ஐத் தாண்டியவர் 170-க்குப் போகலாம். 48-க்குக் கீழே என்றால் 165-ம் வெறுமையாக ஓட்டும்போது உயரமாகத்தான் மிதக்கும்; சுமை வைத்தால் சமாளிக்கலாம், இல்லையென்றால் இன்னும் ஒடுக்கமான படகு தேட வேண்டும். வேலி அவோசெட் எல்வி, பி அண்டு எச் ஸ்கார்பியோ எல்வி, ராக்பூல் அலாவ் பாஹ் போன்றவை அந்த வகை. எல்வி என்பது குறைந்த கொள்ளளவு என்பதன் சுருக்கம். ஆனால் அதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் எல்வி இன்னொரு நிறுவனத்தின் நடுத்தரப் படகைவிடப் பெரிதாக இருக்கலாம். ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பாமல் டேப்பை எடுத்து அளப்பதுதான் வழி.

எடை ஏன் இவ்வளவு முக்கியம்

இந்த அளவுள்ள கயாக் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ வேண்டுமானால் சுமார் 14, 15 கிலோ ஏற்ற வேண்டும். 80 கிலோ ஆளுக்கென்று வரைந்த படகில் 50 கிலோ ஆள் உட்கார்ந்தால் அது இரண்டு சென்டிமீட்டர் மேலே மிதக்கும். இரண்டு சென்டிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்றால், அணியம் என்கிற முன்முனையும் பின்முனையும் வளைந்து மேலேறும் இடத்தில் அந்த இரண்டு சென்டிமீட்டர் ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளத்தைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிவிடுகிறது. தண்ணீரைப் பிடித்திருக்க வேண்டிய நீளம் குறைகிறது. காற்றுப் பிடிக்கும் பரப்பு கூடுகிறது. ஸ்கெக்கும் அதே அளவு மேலே வந்துவிடுவதால் அதன் பிடியும் தளர்கிறது.

பக்கவாட்டுக் காற்றில் முன்னோக்கி ஓடும் எந்தக் கயாக்கும் காற்று வரும் திசைக்கே முகத்தைத் திருப்பப் பார்க்கும். முன்பகுதியை எதிர்வரும் தண்ணீர் இருபுறமும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பின்பகுதிக்கு அந்தப் பிடி இல்லாததால் காற்று அதைத் தள்ளிவிடுகிறது. ஸ்கெக்கை இறக்குவது பின்பகுதிக்கு ஒரு பிடி கொடுக்கத்தான். உயரமாக மிதக்கும் படகில் இந்த இழுபறி இரண்டு மடங்காகத் தெரியும். மணிக்கணக்காக ஒரே பக்கம் துடுப்பு போட்டு நேராக்க வேண்டியிருக்கும். தோள் விட்டுப்போவது அதனால்தான்.

பரிகாரம் தண்ணீர் கேன். ஐந்து லிட்டர் கேன் இரண்டு: ஒன்று காக்பிட்டுக்கு (ஆள் உட்காரும் குழிக்கு) முன்னால், சாமான் அறையைப் பிரிக்கும் உள்தடுப்பை ஒட்டி, இன்னொன்று பின்னால் உள்ளதை ஒட்டி, இரண்டும் தரையோடு. பத்து கிலோ ஏறியதும் படகின் நடை மாறிவிடும். கற்களோ மணல் மூட்டையோ வேண்டாம். அறைக்குள் கடல்நீர் புகுந்தால் கல் படகைக் கீழே இழுக்கும். நல்ல தண்ணீர் நிரம்பிய கேன் கடல்நீரில் மூழ்காது. கேன் உருளாமல் ஃபோம் துண்டுகளை இடுக்கிவையுங்கள். படகைச் சாய்க்கும்போது ஐந்து கிலோ ஒரு பக்கமாக ஓடினால் கவிழ்வதற்கு அதுவே போதும். முனைகளில் கனத்தைத் திணிப்பதும் தவறு: அலையில் அணியம் எழும்பாமல் குத்தும், திருப்பவும் பாடுபட வேண்டும். பின் அறையில் மட்டும் கூடாரம், அரிசி, அடுப்பு எல்லாவற்றையும் அடைத்தால் இதற்கு நேர்மாறான தொல்லை வரும். முன்பகுதி தூக்கிக்கொண்டு காற்றோடு ஓட ஆரம்பிக்கும். ஸ்கெக்கை ஏற்றி இறக்கி அதைச் சரிசெய்ய முடியாது. கரைக்கு வந்து சுமையை மாற்றி அடுக்க வேண்டியதுதான்.

உடம்பை அளக்கும் முறை

கிரீன்லாந்தில் இனுயிட் மக்கள் கயாக் கட்டும்போது அளவுகோலாக எடுத்தது ஓட்டுபவரின் உடம்பையே. நீளத்துக்கு மூன்று பாகம், அதாவது விரித்த இரு கைகளின் அகலம் மூன்று தடவை. அகலத்துக்கு இடுப்போடு இரண்டு கைமுட்டி. நம் கடற்கரையில் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்பவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஐந்தடி ஆளுக்கு இந்தக் கணக்குப்படி நீளம் சுமார் பதினைந்து அடி வரும், அகலம் 50 சென்டிமீட்டருக்கும் 55-க்கும் நடுவில் வரும். கடைகளில் முதலில் காட்டப்படும் திறந்த பிளாஸ்டிக் கயாக்குகள் பெரும்பாலும் 75, 80 சென்டிமீட்டர் அகலம். ஏரியில் ஒரு மணி நேரம் சுற்ற அவை நல்லவை. கடலில் பத்து கிலோமீட்டர் போக ஐம்பது கிலோ உடம்புக்கு அவை தண்டனை.

இடுப்பை அளக்கக் கடினமான பெஞ்சில் உட்காருங்கள். இரு பக்கமும் தடித்த புத்தகத்தை நிமிர்த்தி இடுப்போடு ஒட்டி வைத்து, புத்தகங்களுக்கு நடுவே டேப் பிடியுங்கள். 34 சென்டிமீட்டர் வந்தால், இருக்கையின் பக்கத் தட்டுகளுக்கு இடையே 36 இருக்கலாம். 40 இருந்தால் பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் ஃபோம் ஒட்ட வேண்டும். தண்ணீரை உறிஞ்சாத, மூடிய கண்ணறை கொண்ட ஃபோம்தான் வேண்டும். மெத்தைக் கடை ஸ்பாஞ்ச் ஒரே நாளில் ஊறிக் கனத்துவிடும். இடுப்பு இறுகிப் பிடிபடக் கூடாது. மூச்சை இழுத்துவிட இடம் இருக்க வேண்டும், இடம் வலமாக ஆட்டினால் படகும் கூடவே ஆட வேண்டும். தொளதொள செருப்பைப் போட்டுக்கொண்டு வட்டக்கானல் சரிவில் இறங்கினால் கால் எப்படி வழுக்குமோ, பெரிய இருக்கையில் இடுப்பு அப்படித்தான் வழுக்கும்.

அடுத்து தொடைப்பிடி, அதாவது காக்பிட் விளிம்புக்கு அடியில் தொடையை ஊன்றிக்கொள்ளும் தட்டு. குட்டையானவர்களுக்குப் பெரும்பாலான படகுகளில் பொருந்தாமல் போகும் இடம் இதுதான். கால்மிதியை நெருக்கமான துளைக்குக் கொண்டுவந்து பாதத்தை வைத்தால், முழங்கால் லேசாக மடங்கி வெளிப்பக்கம் சாய்ந்து, தொடையின் மேல்பாகம் பிடியில் படிய வேண்டும். பிடி தொடையில் படாமல் முழங்கால் சில்லில் இடித்தால் அது உங்களுக்கு முன்தள்ளி இருக்கிறது. தொடைக்கும் பிடிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தால் முன்தளம் உயரம். டெம்பெஸ்ட் 165 இந்த விஷயத்தில் மற்ற பல பிளாஸ்டிக் படகுகளைவிட மேல். தொடைப்பிடியை நகர்த்தி அமைக்கலாம், தொடைக்கு அடியில் இருக்கையின் முன்பகுதியையும் உயர்த்தலாம். ஐந்தடிக்காரரின் கால் அந்தரத்தில் தொங்காமல் இருப்பது இதனால்தான். கடையிலேயே ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கி, பிடியை மாற்றிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

முன்தள உயரத்தைச் சோதிக்க: நிமிர்ந்து உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்குங்கள். முழங்கையின் அடிப்பாகம் காக்பிட் விளிம்புக்கு நன்றாக மேலே நிற்க வேண்டும். விளிம்போடு சமமாக இருந்தால் ஒவ்வொரு துடுப்புக்கும் தோளைத் தூக்க வேண்டிவரும், கட்டைவிரல் மேல்தளத்தில் உரசிப் புண்ணாகும். சிலர் இருக்கையில் தலையணை போட்டு உயர்த்திக்கொள்கிறார்கள். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் ஃபோம் வரை சரி. அதற்கு மேல் போனால் ஈர்ப்பு மையம் ஏறி, சின்ன அலைக்கும் படகு நடுங்கும். ஐந்து சென்டிமீட்டர் உயர்த்தித்தான் ஓட்ட முடிகிறது என்றால் அது உங்கள் படகு அல்ல.

முதுகுப் பக்க விளிம்பின் உயரத்தை வாங்குபவர்கள் யாரும் பார்ப்பதில்லை. கவிழ்ந்த பின் தண்ணீரிலிருந்து பின்தளத்தின் மேல் வயிற்றை இழுத்து ஏறும்போது, அங்கே ஒவ்வொரு சென்டிமீட்டரும் கணக்கு. பின்தளம் தாழ்ந்திருந்தால் எளிதில் ஏறலாம். ஏற முடியாதவர் மூன்று மீட்டர் நாடாவை வளையமாகக் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். துடுப்புத் தண்டிலிருந்து காக்பிட்டின் குறுக்கே தொங்கவிட்டால் அதுவே படிக்கட்டு. காக்பிட்டுக்குள் தேங்கும் தண்ணீரும் சின்னப் படகில் குறைவு. கைப்பம்பால் இறைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த அருமை தெரியும்.

ஏரியில் ஒரு மணி நேரம்

கொடைக்கானல் ஏரி 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் அணை கட்டி உண்டாக்கியது. நட்சத்திரம் போல் கிளைவிட்டுக் கிடக்கும் நீர்ப்பரப்பு, சுற்றுப்பாதை சுமார் ஐந்து கிலோமீட்டர். சொந்தப் படகை இறக்குவதற்கு முன் நகராட்சியிடமும் படகுத்துறையிலும் கேட்டு அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். காலையில் சுற்றுலாக் கூட்டம் வருவதற்கு முன் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும்.

முதலில் கரையில் ஒருவரை நிறுத்தி, தண்ணீர் மட்டத்துக்கு மொபைலைத் தாழ்த்திப் பக்கவாட்டில் படம் எடுக்கச் சொல்லுங்கள். அணியமும் பின்முனையும் எவ்வளவு தூக்கி நிற்கின்றன என்பது அதில் பளிச்சென்று தெரியும். பிறகு கேன்களை வைத்து இன்னொரு படம். கடல்நீர் அடர்த்தி என்பதால் அங்கே வேறு மாதிரி மிதக்குமோ என்ற சந்தேகம் வேண்டாம். 80 கிலோ மொத்த எடைக்கு வித்தியாசம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஏரியில் எடுத்த படம் கடலுக்கும் செல்லும்.

அடுத்து ஒரு முழங்காலைத் தூக்கிப் படகைச் சாய்த்து, மறுபக்க விளிம்பு தண்ணீரைத் தொடும் நிலையில் பத்து எண்ணும்வரை நில்லுங்கள். இடுப்பும் தொடையும் படகோடு ஒட்டியிருந்தால் 50 கிலோ ஆள் 165-ஐ அப்படி நிறுத்த முடியும். அதே ஆளை 170-இல் வைத்தால் சாய்ப்பதற்கே எம்ப வேண்டியிருக்கும், இரண்டு எண்ணுவதற்குள் படகு நிமிர்ந்துவிடும். அது நிலைத்தன்மை போலத் தோன்றும். உண்மையில் படகு ஓட்டுபவரின் பேச்சைக் கேட்கவில்லை. கடலில் பக்கத்திலிருந்து அலை வரும்போது அலையின் பக்கம் சாய்க்க முடியாத படகுதான் ஆளைக் கொட்டும்.

சாய்த்து ஒரு வட்டம், சாய்க்காமல் ஒரு வட்டம் போட்டு எத்தனை துடுப்பு ஆனது என்று எண்ணுங்கள். சாய்த்தபோது தெளிவாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் இடுப்புத் தட்டில் இன்னும் ஃபோம் தேவை. கவிழ்த்துப் பழகும் வேலையை மட்டும் இந்த ஏரியில் வைத்துக்கொள்ளாதீர்கள். குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், சிறிய உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கும். அதைக் கீழே வெதுவெதுப்பான நீரில், பக்கத்தில் ஆள் வைத்துப் பழகுவதே சரி.

மலை இறக்குவது

ஐந்து மீட்டர் படகு நான்கு மீட்டர் காரின் மேல். முன்னும் பின்னும் அரை மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும், பெருமாள்மலை தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் அந்த முனைதான் பஸ்ஸின் பக்கம் போகும். பின்முனையில் சிவப்புத் துணி, அணியத்திலும் பின்முனையிலும் தனித்தனிக் கயிறு. கொக்கி வைத்த ரப்பர் கயிறு இதற்கு ஆகாது.

குட்டையானவர் தனியாகவே ஏற்றலாம். காரின் பின்கண்ணாடி மேல் பழைய மிதியடி ஒன்றை விரித்து, அணியத்தைத் தூக்கி அதில் சாய்த்து, பிறகு பின்னால் போய்த் தூக்கித் தள்ளுங்கள். எந்த நேரத்திலும் கையில் இருப்பது 12, 13 கிலோதான். படகைப் பக்கவாட்டில் நிறுத்தும் வளைந்த தாங்கிகள் உயரமானவர்களுக்கு வசதி. சிறியவர்களுக்குக் கேரியர் கம்பியில் ஃபோம் கட்டை வைத்துத் தட்டையாகப் படுக்க வைப்பதே போதும்.

கட்டுவதற்கு 25 மில்லிமீட்டர் நாடா, கையால் இழுத்துப் பூட்டும் பக்கிள். லாரியில் போடும் ராட்செட் பெல்ட்டை இதில் போட்டு முறுக்கினால் பாலிஎத்திலீன் அடிப்புறம் நசுங்கி உள்வாங்கும். கொடையின் குளிரில் இறுகக் கட்டிய படகு வத்தலக்குண்டு வெயிலில் இளகும்போது அந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகும். காட்ரோடு தாண்டியதும் ஓரங்கட்டி நாடாவை ஒரு தடவை தளர்த்திக் கட்டுங்கள். பள்ளம் விழுந்துவிட்டால் பதறாமல் கட்டை அவிழ்த்துப் படகை இறக்கி அடிப்புறம் வெயிலில் படும்படி வைத்தால் பெரும்பாலும் தானே எழும்பும்.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே வரும் தொல்லை ஒன்று உண்டு. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 78 சதவீதம். ஹேட்ச் எனப்படும் சாமான் அறை வாய்களின் மூடிகளை இறுக்கி மூடிக் கீழே போனால், உள்ளே மலைக்காற்று, வெளியே கடல்மட்ட அழுத்தம். 24 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட மூடியில், உள்காற்று சூடேறுவதைக் கழித்த பிறகும், கணக்குப்படி 80 கிலோ கனம் உட்கார்ந்தது போல அழுத்தம் வரும். ரப்பர் மூடி குழிந்து ஒட்டிக்கொண்டு திறக்க வராது. உள்தடுப்பின் ஓரத்தில் பூசிய பசை விரிசல் விட்டுக் கசிவு தொடங்கும். திரும்ப ஏறும்போது இதுவே உப்பலாக நடக்கும், மூடி கழன்று ரோட்டில் விழும். ஆகவே மலை ஏறும்போதும் இறங்கும்போதும் மூடிகளைக் கழற்றிக் காருக்குள் வையுங்கள். உள்தடுப்பில் ஊசித்துளை அளவுக்குக் காற்றுத்துளை இருந்தால் அதைப் பழுதென்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். வெயிலில் சூடான படகைக் குளிர்ந்த நீரில் இறக்கும்போதும் அது உதவும்.

கடலில்

ராமேஸ்வரம் பக்கம் போவதானால் கொடையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கே இரண்டு கடல். மன்னார் வளைகுடா ஆண் கடல், பாக் நீரிணை பெண் கடல் என்பார்கள். தென்மேற்குப் பருவத்தில் மன்னார் பக்கம் குமுறும், பாக் பக்கம் அடங்கியிருக்கும்; வாடை வீசும் மாதங்களில் மாறிவிடும். அடங்கியிருக்கும் பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும் ஆபத்து. தென்மேற்குக் காற்று அங்கே கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரம் கண்ணாடி போல் தெரியும், அரை கிலோமீட்டர் போனதும் திரும்ப வர விடாது. உயரமாக மிதக்கும் படகில் இருக்கும் எடை குறைந்த ஆளை அது முதலில் கொண்டுபோகும், கொண்டுபோகும் திசையில் இலங்கையுடனான கடல் எல்லையும் இருக்கிறது. அப்படிப்பட்ட நாளில் கரையை விட்டு நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் ஓட்டுங்கள். கிளம்புமுன் கடலோரக் காவல் நிலையத்திலும், படகுத்துறை மீனவர்களிடமும் சொல்லிவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா. அனுமதியின்றிக் கரையேறக் கூடாது.

துடுப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 55 சென்டிமீட்டர் அகலப் படகில் ஐந்தடி ஆளுக்கு 205 முதல் 215 சென்டிமீட்டர் நீளம் போதும். படகோடு இலவசமாகக் கிடைக்கும் 230 சென்டிமீட்டர் அலுமினியத் துடுப்பு அகலப் படகுக்கானது. அதன் கனம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். தண்டின் பருமனையும் பாருங்கள். பிடித்தால் விரல்நுனி உள்ளங்கையைத் தொட வேண்டும். தொடாவிட்டால் சிறிய கைக்கான மெல்லிய தண்டு தனியாகக் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். லைஃப் ஜாக்கெட் குட்டையாக, விலா எலும்போடு முடிவதாக இருக்க வேண்டும். நீளமானது உட்கார்ந்ததும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டில் (தண்ணீர் புகாமல் காக்பிட்டை மூட இடுப்பில் மாட்டும் துணியில்) முட்டித் தாடைவரை ஏறும். தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கும்போது காதுக்கு வந்தால் அது தண்ணீரிலும் காதுக்குத்தான் வரும்.

165-இன் குறைகள்: 24 கிலோ கடற்கரை மணலில் தனியாகத் தூக்க அதிகம், சக்கரவண்டி தேவைப்படும். ஃபைபர் கிளாஸ் படகின் விறைப்பும் வேகமும் இதற்குக் கிடையாது. பழைய படகாக வாங்கினால் அடிப்புறத்தை முனையிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். நடுவில் வில்லாக வளைந்திருந்தால் வேண்டாம். முன் அறைக்குள் ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றிச் சாய்த்து, காக்பிட்டுக்குள் சொட்டுகிறதா என்று பாருங்கள். ஸ்கெக் கம்பி மடங்கியிருக்கிறதா என்பதை ஐந்தாறு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

புதிய படகிலும் ஸ்கெக் சிக்கும். நம் கடற்கரையில் மணலில் தள்ளிப் படகை இறக்கும்போது அதன் பெட்டிக்குள் மணலும் சிப்பித் துண்டும் ஏறி இறுகிவிடும். உள்ளிருந்து பலமாகத் தள்ளினால் கம்பி மடங்கும். ஸ்கெக்கின் கீழ்முனையில் சின்னத் துளை போட்டு மீன்வலை நூலில் ஒரு முடிச்சு கட்டிவிடுங்கள். சிக்கினால் உடன் வருபவர் அதைப் பிடித்துக் கீழே இழுத்துவிடலாம். நூல் ஒரு விரல் நீளம் போதும், அதற்கு மேல் விட்டால் ஓடும்போது அடிப்புறத்தில் பட்டுத் தட்டிக்கொண்டே வரும்.